வீட்டுத் தோட்டத்தில் ப்ளூவாட், ஏப்ரியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியாவில் வீடு வாங்கியதும் நம்மவர்கள் முதலில் தேடுவது கறிவேப்பிலையும் முருங்கையும் மல்லிகையும்தான். குளிர்காலம் வந்தால் அவற்றுக்குப் போர்வை போர்த்தி, தொட்டியோடு உள்ளே தூக்கி வைத்து, படாத பாடு படுவோம். அதே கொல்லையில், அந்தக் குளிரையே கேட்டு வாங்கிக்கொண்டு வளரும் மரங்களை யோசிப்பதில்லை. ப்ளம்ஸும் ஆப்ரிகாட்டும் கலந்த கலப்பின மரங்கள் அந்த வகை. அவற்றைப் பற்றி நண்பர்களும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் வட, மத்திய கலிஃபோர்னியாவை மனத்தில் வைத்து எழுதியது. டொராண்டோ, நீலகிரி, கொடைக்கானல் பற்றிய கேள்விகள் பின்னால் வருகின்றன.

ப்ளூவாட், ஏப்ரியம் என்றெல்லாம் சொல்கிறார்களே, அவை என்ன பழங்கள்?

ப்ளம்ஸ், ஆப்ரிகாட், பீச், நெக்டரின், செர்ரி, பாதாம் எல்லாம் புரூனஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. உள்ளே கெட்டியான ஒற்றைக் கொட்டை, அதைச் சுற்றிச் சதை. நெருங்கிய உறவு என்பதால் ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றின் பூவில் வைத்தால் சில சமயம் காய் பிடிக்கும். அப்படி ப்ளம்ஸையும் ஆப்ரிகாட்டையும் கலந்து, அந்தக் கலப்பை மறுபடி ப்ளம்ஸோடு கலந்து, பல தலைமுறை தேர்ந்தெடுத்து வந்தது ப்ளூவாட். தோல் ப்ளம்ஸ் போல வழவழப்பாக இருக்கும். ப்ளம்ஸின் குணம் தூக்கல். ஏப்ரியம் இதற்கு மறுபக்கம்: பார்க்க ஆப்ரிகாட்தான், தோலில் மெல்லிய பூனைமுடி, உள்ளே ப்ளம்ஸின் சாறும் மணமும் கொஞ்சம்.

நெக்டரினும் ப்ளம்ஸும் கலந்தது நெக்டாப்ளம். ப்ளம்ஸும் செர்ரியும் கலந்தது ப்ளூயெரி. பீச், ஆப்ரிகாட், ப்ளம்ஸ் மூன்றும் சேர்ந்தது பீச்கோட்டம். வீட்டுத் தோட்டத்தில் முதல் மரம் வைப்பவர்கள் ப்ளூவாட், ஏப்ரியம் இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. ரகங்களும் அதிகம், மகரந்தம் தரக் கூட வைக்க வேண்டிய துணை மரமும் எளிதில் கிடைக்கும்.

இது மரபணு மாற்றப் பயிரா? குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

இல்லை. தாராளமாகக் கொடுக்கலாம். பூ விரியும் முன் மகரந்தப் பைகளை எடுத்துவிட்டு, வேறு மரத்தின் மகரந்தத்தைக் கையால் தடவி, பிடித்த காயின் கொட்டையை முளைக்க வைத்து, அந்தச் செடி காய்க்கும்வரை காத்திருந்து ருசி பார்க்கும் பழைய வேலைதான் இது. ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்து, ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மீதியை வெட்டி எறிவார்கள். பரிசோதனைக் கூடத்தில் மரபணுவை எடுத்துச் செருகும் வேலை எதுவும் இதில் கிடையாது.

யார் உருவாக்கியது?

சாண்டா ரோசா ஊரில் லூதர் பர்பாங்க் (1849–1926) தொடங்கி வைத்தார். ஜப்பானிலிருந்து 1885-இல் வரவழைத்த ப்ளம்ஸ் கன்றுகளை வைத்து அவர் உருவாக்கிய ரகங்கள் கலிஃபோர்னியாவின் ப்ளம்ஸ் தொழிலையே மாற்றின. 1906-இல் அவர் வெளியிட்ட சாண்டா ரோசா ப்ளம்ஸ் இன்றும் நர்சரிகளில் விற்கிறது. உங்கள் ப்ளூவாட்டுக்குத் துணையாக அதைத்தான் நான் முதலில் சொல்வேன். ப்ளம்ஸ், ஆப்ரிகாட் கலப்பையும் அவர் செய்தார். அதற்கு ப்ளம்காட் என்று பெயர். ஆனால் சரியாகக் காய்க்காததால் அது பரவவில்லை.

பர்பாங்கிடம் வேலை பழகியவர் ஃப்ரெட் ஆண்டர்சன். ஆண்டர்சனிடம் வேலை செய்தவர் ஃப்ளாய்ட் ஸைகர் (1926–2020). ஸைகர் மொடெஸ்டோ ஊரில் குடும்பத்தோடு சேர்ந்து நடத்திய தோட்டத்தில்தான் ப்ளூவாட் பிறந்தது. 1980-களின் கடைசியில் ஃப்ளேவர் சுப்ரீம் போன்ற முதல் ரகங்கள் வெளிவந்தன. ப்ளூவாட், ஏப்ரியம் என்பவை அவர்கள் பதிவு செய்த வணிகப் பெயர்கள். மூன்று தலைமுறை கைமாறி வந்த வேலை இது. ஃப்ளேவர் கிங் என்ற ப்ளூவாட் பழத்தைக் கடிக்கும்போது அந்தப் பொறுமையை நினைத்துப் பார்க்கிற ஆள் நான்.

எங்கள் ஊருக்கு இது வருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மற்ற எல்லாக் கேள்விகளையும் விட இதுதான் முக்கியம். பதிலைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

இந்த மரங்கள் இலையுதிர்காலத்தில் மொட்டுகளைக் கட்டிவிட்டுத் தூங்கப் போகும். எழுந்திருக்க, குறிப்பிட்ட அளவு குளிரை அவை உணர்ந்தாக வேண்டும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வெப்பநிலை 45 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு (7 டிகிரி செல்சியஸ்) கீழே இருக்கும் மணி நேரங்களைக் கூட்டினால் வருவதைக் குளிர்மணி என்று வைத்துக்கொள்வோம். 400 குளிர்மணி தேவைப்படும் ரகத்துக்கு 150-தான் கிடைத்தால் மரம் சாகாது. ஆனால் பூக்கள் ஒரே சமயத்தில் விரியாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாக வரும், இலை தாமதமாகத் துளிர்க்கும், காய் பிடிக்காது. உரம் போட்டும் தண்ணீர் ஊற்றியும் இதைச் சரிக்கட்ட முடியாது.

சாக்ரமென்டோ, ஸ்டாக்டன், மொடெஸ்டோ, ஃப்ரெஸ்னோ பகுதிகளில் ஏறக்குறைய எல்லா ப்ளூவாட்டுக்கும் குளிர் போதும். சான் ஹோசே, ப்ளசன்டன், டப்ளின் போன்ற இடங்களிலும் 400 மணி ரகங்கள் நன்றாக வரும். சான் டியேகோ, லாஸ் ஏஞ்சலஸ் கடற்கரை ஓரம் என்றால் குறைந்த குளிர் போதும் என்று எழுதியிருக்கும் ரகங்களை மட்டும் பாருங்கள். உங்கள் ஊர்க் கணக்கை டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பழமரப் பக்கத்தில் வானிலை நிலையம் வாரியாகப் பார்க்கலாம். ஒரே வருடத்தைப் பார்க்காமல் நாலைந்து வருடத்தைப் பாருங்கள். சாக்ரமென்டோ முதல் ஃப்ரெஸ்னோ வரையுள்ள பள்ளத்தாக்கில் குளிர்காலப் பனிமூட்டம் முன்பு போல் இல்லை. மூட்டம் இல்லாத நாளில் வெயில் மொட்டுகளைச் சூடாக்கி, சேர்ந்த குளிரைக் கொஞ்சம் கரைத்துவிடும். அதனால் விளிம்பில் நிற்கும் ரகத்தை வாங்காமல், ஊரில் கிடைப்பதைவிட நூறு மணியாவது குறைவாகக் கேட்கும் ரகத்தை வாங்குங்கள்.

எந்தெந்த ரகம் நல்லது?

ருசிக்கு ஃப்ளேவர் கிங். கரும்சிவப்புத் தோல், உள்ளே ரத்தச் சிவப்பு, இனிப்போடு ஒரு காரமான மணம். ஆகஸ்டில் பழுக்கும். ஏறக்குறைய 400 மணி போதும். இடம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் யோசிக்காமல் இதை வையுங்கள் என்பேன், ஆனால் துணை வேண்டும். அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

டாப்பிள் டேண்டி: பச்சை மஞ்சளில் சிவப்புப் புள்ளி தெளித்த தோல், கடைகளில் டைனோசர் முட்டை என்று விற்பார்கள். நன்றாகக் காய்க்கும், மற்ற ப்ளூவாட்டுகளுக்கு நல்ல மகரந்தமும் தரும். ஃப்ளேவர் கிரனேடு நீளவாக்கில், பழுத்தும் மொறுமொறுப்பாக இருக்கும். பழுத்த பிறகும் வாரக்கணக்கில் மரத்திலேயே நிற்கும் என்பதால் வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி. ஃப்ளேவர் சுப்ரீம் ஜூனிலேயே வரும், ருசி பிரமாதம், ஆனால் காய்ப்பு குறைவு. 500 மணிக்கு மேல் குளிர் கேட்கும்.

ஏப்ரியத்தில் காட்-என்-கேண்டி: வெள்ளைச் சதை, தேன் இனிப்பு, தனியாகவே காய்க்கும். குளிர் குறைந்த ஊர்க்காரர்கள் ஃப்ளேவர் டிலைட்டைப் பார்க்கலாம். அழகுக்கும் சேர்த்து வேண்டுமென்றால் ஸ்பைஸ் ஸீ நெக்டாப்ளம். வசந்தத்தில் இலையே கரும்சிவப்பாகத் துளிர்க்கும், இதற்கும் துணை தேவையில்லை.

ஒரே மரம் வைத்தால் காய்க்காதா?

பெரும்பாலான ப்ளூவாட்டுகள் காய்க்காது. தன் மகரந்தத்தை அவை ஏற்பதில்லை. அதே காலத்தில் பூக்கும் வேறொரு ப்ளூவாட்டோ ஜப்பானிய ப்ளம்ஸோ பக்கத்தில் இருக்க வேண்டும். சாண்டா ரோசா, பர்கண்டி என்ற இரண்டு ப்ளம்ஸும் தாங்களே தனியாகக் காய்க்கும், பக்கத்து ப்ளூவாட்டுக்கும் மகரந்தம் தரும். ஃப்ளேவர் கிங், சாண்டா ரோசா ஜோடி எளிது: ஜூனில் ஒரு அறுவடை, ஆகஸ்டில் ஒரு அறுவடை.

"எங்கள் வீட்டில் ஏற்கெனவே ப்ளம்ஸ் இருக்கிறதே" என்பார்கள். என்ன ப்ளம்ஸ் என்று பாருங்கள். உலர்த்திச் சாப்பிடும் ஐரோப்பிய ப்ளம்ஸ் உதவாது. அது தாமதமாகப் பூக்கும். குரோமோசோம் எண்ணிக்கையும் 48. ஜப்பானிய ப்ளம்ஸுக்கும் ஆப்ரிகாட்டுக்கும் 16-தான்.

பக்கத்து வீட்டில் சரியான மரம் இருந்தால் அதுவே போதும், தேனீக்கு வேலி கிடையாது. துணை மரம் இன்னும் சிறிது, இந்த வருடம் பூக்காது என்றால், நண்பர் வீட்டு சாண்டா ரோசாவில் பூத்த கிளை ஒன்றை வெட்டி வந்து, வாளித் தண்ணீரில் நிறுத்தி உங்கள் மரத்தடியில் வையுங்கள். தேனீ மீதியைப் பார்த்துக்கொள்ளும். பூக்கும் வாரம் முழுக்க மழையும் குளிருமாக இருந்தால் தேனீ வெளியே வராது. அந்த வருடம் காய் குறைவாகத்தான் இருக்கும். மரத்தில் கோளாறு என்று பதற வேண்டாம்.

கொல்லை சின்னது. இரண்டு மரத்துக்கு இடம் எங்கே?

இரண்டு வழி உண்டு. ஒன்று, இரண்டு மூன்று கன்றுகளை ஒன்றரை அடி இடைவெளியில் ஒரே குழியில் நடுவது. கிளைகள் உள்பக்கம் போகாமல் வெளிப்பக்கமாகப் பழக்கினால் ஒரே மரம் போல நிற்கும், ஒன்றுக்கொன்று மகரந்தமும் தரும். இன்னொன்று, ஒரே அடிமரத்தில் நாலு ரகம் ஒட்டிய மரம். கடையில் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் நாலில் ஒன்று வேகமாக வளர்ந்து மற்றவற்றை அமுக்கிவிடும். வேகமான கிளையைக் கோடையில் விடாமல் வெட்டி, நோஞ்சான் கிளை தெற்கு வெயிலைப் பார்க்கும்படி நட்டால் சமாளிக்கலாம். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். ஒரு மரம் போனாலும் மற்றது நிற்கும்.

நர்சரிச் சீட்டில் சிட்டேஷன், நெமகார்டு என்று எழுதியிருக்கிறதே?

அது கீழே இருக்கும் வேர்ச்செடியின் பெயர். மேலே ஃப்ளேவர் கிங், கீழே வேறொரு செடி; இரண்டையும் ஒட்டியிருப்பார்கள். சிட்டேஷன் மரத்தைக் கொஞ்சம் குட்டையாக வைக்கும், ஈரமான மண்ணையும் ஓரளவு தாங்கும். வீட்டுக்கு அது பொதுவாகச் சரி. மணல் மண்ணில் வேரைத் தாக்கும் நூற்புழு இருக்கும் இடத்துக்கு நெமகார்டு, ஆனால் தண்ணீர் தேங்கினால் அது தாங்காது. களிமண்ணுக்கு மைரோபலான். 'குட்டை' என்று எழுதியிருப்பதை நம்பி விட்டுவிட்டால் சிட்டேஷன் மரமும் கூரையைத் தொடும். உயரத்தைக் கத்தரிக்கோல்தான் தீர்மானிக்கிறது.

எப்போது, எப்படி நடுவது?

ஜனவரி, பிப்ரவரி. அப்போதுதான் இலையில்லாமல், மண்ணில்லாமல், வெறும் வேரோடு கன்றுகள் வரும். தொட்டியில் வருவதைவிட விலை குறைவு, ரகங்களும் அதிகம், வேரையும் கண்ணால் பார்த்து வாங்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் வேர் காயவிடாதீர்கள். அன்றே நட முடியாவிட்டால் ஈர மண்ணிலோ ஈர மரத்தூளிலோ புதைத்து வையுங்கள்.

குழிக்குள் உரம், எரு எதுவும் வேண்டாம். தோண்டிய மண்ணையே திருப்பிப் போடுங்கள். முதலில் ஒரு அடி ஆழக் குழியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் நின்றால் அங்கே குழியில் நடக்கூடாது. ஒரு அடி உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். புதுக் குடியிருப்புகளில் இயந்திரம் ஓடி இறுகிய களிமண் அதிகம், அங்கே மேடுதான் வழி. ஒட்டுப் போட்ட கணு மண்ணுக்கு மேலே நன்றாகத் தெரிய வேண்டும்.

நட்டதும் கன்றை முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்கள். ஆமாம், காசு கொடுத்து வாங்கிய ஐந்தடிக் கன்றைத்தான். மனசு வராது, ஆனால் வெட்டினால்தான் கைக்கெட்டும் உயரத்தில் கிளை பிரியும். அப்புறம் தண்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும். வீட்டுக்குள் அடிக்கும் வெள்ளை லேடெக்ஸ் பெயின்டில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, மண்ணிலிருந்து முதல் கிளைவரை பூசுங்கள். வெயிலில் வெந்த பட்டையில்தான் துளைப்பான் புழுவின் தாய் வண்டு முட்டை வைக்கும்.

கவாத்து எப்போது செய்வது?

குளிர்காலம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வீட்டு மரத்துக்குக் கோடைக் கவாத்துதான் முக்கியம். குளிர்காலத்தில் வெட்டினால் மரம் வசந்தத்தில் இன்னும் வேகமாகத் துளிர்க்கும். கோடையில் வெட்டினால் வேகம் அடங்கும். மே மாதத்தில் ஒரு முறை, பழம் பறித்த பிறகு ஒரு முறை, உங்கள் கை எட்டும் உயரத்துக்கு மேலே போனதை எல்லாம் வெட்டிவிடுங்கள். ஏணி வைத்துத்தான் பறிக்க முடியும் என்ற நிலைக்கு மரத்தை விடாதீர்கள். ஏணி தேவைப்படும் மரத்துக்கு வலை போடவும் முடியாது, பிஞ்சு களையவும் முடியாது.

ஏப்ரியத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மழைக்காலத்தில் வெட்டிய காயத்தின் வழியே யூடைபா என்ற பூஞ்சை நுழைந்து கிளை கிளையாகக் காயவைக்கும். ஆகவே ஆப்ரிகாட், ஏப்ரியம் இரண்டையும் ஆகஸ்டுக்குள் வெட்டி முடியுங்கள். வெட்டிய பிறகு ஆறு வாரமாவது மழையில்லாமல் இருக்க வேண்டும்.

நிறையக் காய்க்கிறது, ஆனால் எல்லாம் பொடிப்பொடியாக இருக்கிறது. ஏன்?

பிஞ்சு களையவில்லை. நம் வீடுகளில் யாருக்கும் மனசு வராத வேலை இது. காய்த்ததைப் பறித்துப் போடுவதா என்று பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

ஏப்ரலில் பிஞ்சு கட்டைவிரல் நகம் அளவு வந்ததும் மரத்தடிக்குப் போங்கள். ஒரு குட்டைக் கிளையில் ஐந்தாறு பிஞ்சு ஒட்டிக்கொண்டு நிற்கும். உற்றுப் பார்த்தால் எல்லாம் ஒரே அளவு இருக்காது. ஒன்று கொழுத்து, காம்பு தடித்து, பச்சை பளபளவென்று இருக்கும்; ஒன்றின் தோலில் இலை உரசிய பழுப்புத் தழும்பு; இரண்டு மூன்று மஞ்சளடித்து, தானே விழத் தயாராக நிற்கும். கொழுத்ததை இடது கை விரல்களால் பிடித்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகத் திருகி எடுங்கள். இழுக்காதீர்கள், இழுத்தால் அடுத்த வருடம் பூக்க வேண்டிய குட்டைக் கிளையே ஒடிந்து வரும். பழத்துக்குப் பழம் நாலு அங்குலம் இடைவெளி இருந்தால் போதும். பீச், நெக்டரின் சேர்ந்த கலப்பு என்றால் ஐந்து. வேலை முடிந்ததும் தரையில் கிடப்பது மரத்தில் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். அதுதான் சரியான அளவு.

கொட்டை கெட்டியாகும் முன் இதைச் செய்தால்தான் பலன். ஜூனில் செய்தால் பழம் பெரிதாகாது, கிளை ஒடியாமல் தப்பிக்கும், அவ்வளவுதான். களையாத மரம் இந்த வருடம் களைத்து, அடுத்த வருடம் பூக்காமல் ஓய்வெடுக்கும் வாய்ப்பும் உண்டு.

தண்ணீரும் உரமும்?

தினமும் கொஞ்சம் ஊற்றுவதைவிட, வாரம் ஒருமுறை ஆழமாக இறங்கும்படி ஊற்றுவது மேல். முதல் கோடையில் மட்டும் வாரம் இரண்டு முறை. புல்தரைத் தெளிப்பான் அடிமரத்தை நனைக்கும் இடத்தில் நட்டால் வேர்க்கழுத்து அழுகும். மூன்று நாலு அங்குல மரச்சீவல் மூடாக்கு போடுங்கள், ஆனால் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. உரம் வசந்தத்தில் ஒருமுறை, மே கடைசியில் வேண்டுமானால் இன்னொருமுறை. ஆகஸ்டுக்கு மேல் தழைச்சத்து கொடுக்க வேண்டாம்.

தண்டில் பிசின் வழிகிறது. மரம் போய்விடுமா?

பிசினைத் தொட்டுப் பாருங்கள். தெளிவாக, தேன் நிறத்தில், சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் வெட்டுக்காயம், வெயில், தண்ணீர்க் குறை போன்ற அலுப்புதான். காரணத்தைச் சரி செய்தால் நின்றுவிடும். பிசினுக்குள் மரத்தூள் போலக் கலந்திருந்தால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. பட்டையைக் கீறிப் பார்த்துப் புழுவை எடுக்க வேண்டும். பிசினோடு பட்டை உள்வாங்கி, கீறினால் புளித்த வாடை அடித்தால் அது பாக்டீரியா நோய். பாதித்த கிளையைக் கோடையில், நல்ல மரம் தெரியும்வரை வெட்டி எறியுங்கள்.

இலை சிவந்து சுருள்கிறதே?

பீச், நெக்டரின் ரத்தம் உள்ள மரங்களுக்கு வரும் இலைச்சுருள் நோய். இலையில் பார்த்த பிறகு மருந்தடித்துப் பயனில்லை. இலை முழுக்க உதிர்ந்த பிறகு ஒருமுறை, பிப்ரவரியில் மொட்டு பருக்கும் முன் ஒருமுறை தாமிர மருந்து அடிக்க வேண்டும். சுத்தமான ப்ளூவாட், ஏப்ரியத்துக்கு இந்தக் கவலை பொதுவாக இல்லை. ஆப்ரிகாட், ஏப்ரியத்துக்கு கந்தகம் மட்டும் அடிக்கவே கூடாது, இலை கருகும்.

மழை பெய்யும் வசந்தத்தில் பூவும் கிளை நுனியும் கருகிக் காய்ந்தால், அல்லது பழம் சாம்பல் படிந்து அழுகினால், அது பழுப்பழுகல். மரத்தில் தொங்கும் வற்றிய பழங்களைக் குளிர்காலத்தில் ஒன்று விடாமல் பொறுக்கி எடுப்பதே பாதி வைத்தியம். அவற்றில்தான் பூஞ்சை அடுத்த வருடத்துக்குக் காத்திருக்கிறது.

அணிலும் பறவையும் முந்திக்கொள்கின்றன.

பறவைக்கு வலை, பழம் நிறம் மாறும் முன்பே. வலையின் அடியை மண்ணோடு சேர்த்துக் கட்டுங்கள். இடைவெளி இருந்தால் பறவை உள்ளே மாட்டிச் சாகும். அணிலுக்கு வலை போதாது. சின்ன மரமாக வைத்திருந்தால் நல்ல பழங்களுக்கு மெல்லிய துணிப்பை கட்டலாம், சிலவற்றைத் தப்பவைக்கும்.

பழம் பறிக்கும் பக்குவம் எப்படித் தெரியும்?

நிறத்தை நம்பாதீர்கள். ஃப்ளேவர் கிங் பழுப்பதற்கு வாரங்கள் முன்பே கருத்துவிடும், அப்போது பறித்தால் தோலில் புளிப்பும் கசப்பும்தான். காம்புக்கு எதிர்முனையில் கட்டைவிரலால் மெல்ல அழுத்துங்கள். லேசாகக் கொடுத்தால் ஒன்றைப் பறித்துச் சாப்பிட்டுப் பாருங்கள். இன்னும் நாலைந்து நாள் விடலாம் என்று பெரும்பாலும் தோன்றும். பறித்த பிறகு பழம் மிருதுவாகும், புளிப்பு கொஞ்சம் தணியும். ஆனால் இனிப்பு ஏறாது. தூரம் போக வேண்டியிருப்பதால் கடைக்காரர் கெட்டியாகப் பறிக்கிறார், அவர்மேல் குற்றமில்லை. வீட்டில் வளர்ப்பதன் முழு லாபமும் இந்தக் கடைசி வாரத்தில்தான் இருக்கிறது, அவசரப்பட்டு அதை இழக்காதீர்கள். ஒரு மரத்துப் பழம் எல்லாம் ஒரே நாளில் பழுக்காது. இரண்டு மூன்று வாரம், பார்த்துப் பார்த்துப் பறிக்க வேண்டும்.

சாப்பிட்ட பழத்தின் கொட்டையை நட்டால் அதே மரம் வருமா?

மரம் வரும், அதே பழம் வராது. கலப்பினத்தின் கொட்டை ஒவ்வொன்றும் ஒரு புது ஆள். நாலைந்து வருடம் வளர்த்து, புளித்த சின்னப் பழம் கிடைக்கவே வாய்ப்பு அதிகம். அதே ரகம் வேண்டுமென்றால் ஒட்டுத்தான் கட்ட வேண்டும். காப்புரிமை உள்ள ரகத்தை அனுமதியில்லாமல் ஒட்டுக்கட்டுவது அமெரிக்காவில் சட்டப்படி தவறு. அந்த உரிமை இருபது வருடம் வரை. ஃப்ளேவர் சுப்ரீம், ஃப்ளேவர் கிங் போன்ற ஆரம்ப ரகங்களுக்கு அது முடிந்துவிட்டது. 1968-இல் தொடங்கிய கலிஃபோர்னியா அரிய பழ வளர்ப்போர் சங்கம் ஜனவரி வாக்கில் பல ஊர்களில் ஒட்டுக்குச்சிப் பரிமாற்றம் நடத்துகிறது. ஒட்டுக்கட்டப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை.

கொட்டைக்குள் இருக்கும் பருப்பைச் சாப்பிடலாமா? பாதாம் போலவே இருக்கிறதே.

வேண்டாம். கசக்கும் அந்தப் பருப்பில் இருக்கும் அமிக்டலின் வயிற்றில் சயனைடாக மாறும். தவறி ஒரு கொட்டையை முழுதாக விழுங்கினால் ஒன்றும் ஆகாது, ஆனால் குழந்தைகள் உடைத்துத் தின்னப் பழகக்கூடாது. வீட்டில் நாய் இருந்தால் விழுந்த பழங்களை உடனே பொறுக்குங்கள்.

டொராண்டோவில் இருக்கிறோம். ப்ளூவாட் வைக்கலாமா?

மரம் ஒருவேளை குளிரைத் தாங்கும், பூ தாங்காது. ப்ளூவாட் சீக்கிரம் பூக்கும். விரிந்த பூவை 28 டிகிரி ஃபாரன்ஹீட்டிலேயே (மைனஸ் 2 செல்சியஸ்) உறைபனி கருக்கத் தொடங்கும். ஸ்கார்பரோவில் வீடு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது வேறு கலப்பினம். ஜப்பானிய ப்ளம்ஸையும் வட அமெரிக்கக் காட்டு ப்ளம்ஸையும் கலந்து, கடுங்குளிர்ப் பகுதிகளுக்கென்றே உருவாக்கிய ரகங்கள் உண்டு. தெற்கு டகோட்டாவில் நீல்ஸ் ஹேன்சன் உருவாக்கிய டோக்கா, மினசோட்டாப் பல்கலைக்கழகம் 1933-இல் வெளியிட்ட சுப்பீரியர் இரண்டையும் ஜோடியாக வையுங்கள். டோக்கா மணமானது, சுப்பீரியருக்கு நல்ல மகரந்தமும் தரும்.

ஊட்டி, கொடைக்கானலில் வருமா? சென்னையில்?

சென்னை, மதுரை, கோவை என்று சமவெளியில் எங்கும் வராது. குளிரே இல்லாத இடத்தில் மரம் பெயருக்கு நிற்கும், அவ்வளவுதான். மலையில் ப்ளம்ஸும் பீச்சும் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கின்றன. மே, ஜூனில் குன்னூர்ச் சாலையோரம் கூடை கூடையாக விற்பதைப் பார்த்திருப்பீர்கள். நீலகிரி, கொடைக்கானல் பக்கம் வளர்க்கப்படும் கவியோட்டா ரகம், மேலே சொன்ன லூதர் பர்பாங்க் உருவாக்கியதுதான். மலையில் நிலம் இருப்பவர்கள் அங்கே நிரூபித்த இந்த ரகங்களை அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளில் கேட்டு வாங்குங்கள். ஃப்ளேவர் கிங்கைத் தேடி அலைய வேண்டாம்.

அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன். பெட்டியில் நாலு ஒட்டுக்குச்சி எடுத்துப் போகலாமா?

கூடாது. இந்தியாவுக்குள் செடி, குச்சி, கொட்டை எது கொண்டு போனாலும் 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் நோயில்லாச் சான்றும் வேண்டும். இது வெறும் காகிதச் சடங்கு இல்லை. ப்ளம் பாக்ஸ் என்ற வைரஸ் ஒட்டுக்குச்சி வழியாகவே நாடு விட்டு நாடு போகும். 1999-இல் பென்சில்வேனியாவில் அதைக் கண்டுபிடித்தபோது ஏராளமான மரங்களை வெட்டி எரித்தார்கள். அமெரிக்காவிலிருந்து அது ஒழிந்தது என்று அறிவிக்க 2019 ஆனது. கொடைக்கானல் விவசாயி ஒருவரின் தோப்பு உங்கள் பெட்டியால் போகக்கூடாது.

புளிப்பாக, நசுங்கிப் போன பழங்களை என்ன செய்வது?

தொக்கு. சாண்டா ரோசாவின் தோல்புளிப்பு இதற்கென்றே அமைந்தது. கொட்டையை எடுத்துவிட்டுத் தோலோடு நறுக்கி, நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்து, மிளகாய்த்தூள், உப்பு சேர்த்து எண்ணெய் பிரியும்வரை கிளறுங்கள். கடைசியில் வறுத்துப் பொடித்த வெந்தயம். தண்ணீர்ச் சத்து அதிகம் என்பதால் மாங்காயைவிட நேரம் பிடிக்கும், அகலமான வாணலியாக வையுங்கள். புளி, வெல்லம் எதுவும் தேவைப்படாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு மாதத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.